புது மென்பொருள் வருகிறது, பொறுப்பு யார் கையில்? எல்லையோரக் கல்லூரி நூலகங்களுக்கு ஓர் ஒப்பீடு

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் தொடங்கி பொள்ளாச்சி, கோவை வரைக்கும் கல்லூரி நூலகங்களில் வேலை செய்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: “கோஹா போடலாமா, சோல் போடலாமா?”

இரண்டும் நூலகத்தின் பட்டியலையும் புத்தகம் கொடுத்து வாங்குவதையும் கணினியில் நடத்தும் மென்பொருள்கள். எதைப் போடுவது என்று பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. கோஹா நியூசிலாந்தில் உருவாகி 2000-ல் முதன்முதலாக ஓடத் தொடங்கிய திறமூல மென்பொருள். சோல் நம் நாட்டில், பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிலிப்நெட் உருவாக்கியது. முதல் பதிப்பு 2000-ல், இரண்டாவது 2009-ல், மூன்றாவது 2021-ல் வந்தன. இரண்டும் மார்க் 21 என்ற பொது வடிவத்தில் புத்தக விவரப் பதிவுகளை வைத்துக்கொள்ளும். இரண்டிலும் யூனிகோடு தமிழும் மலையாளமும் ஏறும். ஒரு சாதாரணக் கலை அறிவியல் கல்லூரிக்கு எதை வைத்தாலும் வேலை நடக்கும்.

எல்லையின் இரண்டு பக்கமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். நோட்டுப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றம் நன்றாக நடந்த நூலகங்களையும் பாதியில் நின்றுபோன நூலகங்களையும் யோசித்துப் பார்த்தால், மென்பொருளின் பெயரை வைத்து அவற்றைப் பிரிக்க முடியவில்லை. வேலை யார் கையில் இருந்தது, மற்றவர்கள் அதில் எவ்வளவு தூரம் சேர்க்கப்பட்டார்கள் என்பதுதான் வித்தியாசமாக இருந்தது. அதனால் இங்கே நான் ஒப்பிடுவது அந்தப் பொறுப்பை ஒப்படைக்கும் வழிகளை: நூலகரே முன்னின்று எல்லாம் செய்வது, கணினி தெரிந்த இளையவர் ஒருவரிடம் கொடுப்பது, வெளி நிறுவனத்துக்கு விடுவது, ஆளுக்கொரு பொறுப்பாகக் குழுவாகச் செய்வது, பக்கத்துக் கல்லூரிகளோடு கைகோப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

அளவுகோல் இல்லாமல் பேச ஆரம்பித்தால் பேச்சு “யாருக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்” என்பதில் போய் நின்றுவிடும். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

ஆள் போனால் என்ன ஆகும்? எல்லையோரத்தில் இது பெரிய கேள்வி. கேரளப் பக்கம் 2013 ஏப்ரலுக்கு முன்பு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு 56 வயதில் ஓய்வு. மே 31 அன்று கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு 60. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 முதல் 60. ஆக, ஒரே வயதுள்ள இரண்டு நூலகர்களில் எல்லையிலுள்ள வாளையாறுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருப்பவர் நான்கு வருடம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விடலாம். இடமாற்றம் வேறு இருக்கிறது.

கவுன்டரில் இருப்பவர் தனியாகச் சமாளிப்பாரா? செமஸ்டர் முடிவில் ‘நோ டியூ’ (பாக்கி இல்லை என்ற சான்று) கேட்டு வரிசை நிற்கும்போது ஒரு புத்தகம் ரிட்டர்ன் ஆகவில்லை என்று திரை காட்டினால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டும். “சார் வந்ததும் வாங்க” என்று திருப்பி அனுப்பும் நூலகத்தில் மாற்றம் இன்னும் முடியவில்லை.

பதிவுகளின் சுத்தம். இங்குள்ள நூலகங்களில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் கலந்திருக்கும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. ஒரு மொழியில் தேடினால் கிடைத்து, இன்னொன்றில் கிடைக்காமல் போனால் அந்த மொழி மாணவர்களுக்குப் பாதி நூலகம் மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

நேரம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான அறிக்கையில் மென்பொருளின் பெயர், முழுமையாகக் கணினிமயமா பகுதியா, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று கேட்பார்கள். பல கல்லூரிகளில் மாற்றம் தொடங்குவதே அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான்.

ரசீதில் வராத செலவு. மென்பொருள் இலவசமாக இருக்கலாம். யுபிஎஸ், பார்கோடு லேபிள், வருடப் பராமரிப்பு ஆகியவை இருக்கின்றன. இவற்றைவிடப் பெரிய செலவு மனத்தாங்கல். நூலகத்தில் நான்கு பேர் இருந்து அதில் இருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால் எந்த மென்பொருளும் ஓடாது.

## நூலகரே முன்னின்று எல்லாம் செய்வது

முடிவுகள் சட்டென்று எடுக்கப்படும். பிரின்சிபலிடம் பதில் சொல்ல ஒரே ஆள். வகைப்பாடும் பட்டியலும் படித்தவர் என்பதால் பதிவுகள் ஒரே சீராக இருக்கும். நல்ல நூலகர் கையில் இது அழகாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவருக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. மின்னிதழ், மின்னூல் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் பயனர் பட்டியல், கமிட்டிகள், நாக் கோப்பு எல்லாம் அவர் தலையில்தான். கணினிமயம் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் வீட்டில் நடக்கும். கூட இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. கேட்கப்படாதவர்கள் கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். நூலகர் லீவில் போன அன்று பழைய நோட்டில் இஷ்யூ எழுதப்படும். அது கணினியில் ஏறவே ஏறாது. அடுத்த செமஸ்டரில் ‘இந்தப் புத்தகம் எங்கே’ என்று தேடும்போதுதான் இது வெளியே தெரியும்.

நூலகரும் ஒரு அட்டெண்டரும் மட்டும் இருக்கும் கல்லூரிக்கு வேறு வழி கிடையாது, இதுதான். பணிக்காலம் இன்னும் நான்கைந்து வருடமாவது இருக்கும் நூலகருக்கும் இது ஒத்துவரும். வரும் மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர் இப்படி ஆரம்பிக்கவே கூடாது.

## கணினி தெரிந்த இளையவரிடம் ஒப்படைப்பது

மிக அதிகமாக நடப்பதும் இதுதான், நான் மிக அதிகமாகப் பயப்படுவதும் இதைத்தான்.

பெரும்பாலும் ஒரு பெண், நூலக அறிவியல் முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், தற்காலிகப் பணி. “உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமேம்மா” என்று முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவளும் ஆர்வமாகச் செய்வாள். உபுண்டு இயங்குதளம் போடுவாள், கோஹா நிறுவுவாள், எக்செல்லில் இருந்த பழைய பட்டியலை மாற்றுவாள். ஆறே வாரத்தில் ஓப்பாக், அதாவது மாணவர்கள் தேடிப் பார்க்கும் கணினிப் பட்டியல், திரையில் வந்துவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

பொறுப்பு வந்தது, அதிகாரம் வரவில்லை. நாளைக்கு ஒரு புத்தகத்துக்கு எத்தனை நாள் தவணை, ஆசிரியர்களுக்கு ஃபைன் உண்டா, விடுமுறை நாளைக் கணக்கில் எடுப்பதா என்று மென்பொருள் கேட்கும். இவையெல்லாம் கொள்கை முடிவுகள். அவற்றை அவளால் எடுக்க முடியாது. கேட்டால் “நீயே ஏதாவது போடு” என்பார்கள். அப்புறம் ஒரு பேராசிரியருக்கு ஃபைன் காட்டும்போது திட்டு வாங்குவது அவள்தான். இருபது வருடம் கவுன்டரில் இருந்த சேச்சியிடம் “இனிமே நோட்டில் எழுதாதீங்க” என்று அவளால் சொல்ல முடியுமா? சொன்னாலும் கேட்பார்களா? ‘நேற்று வந்த பொண்ணு’ என்ற பேச்சு முதல் வாரமே ஆரம்பித்துவிடும். இதில் சேச்சியின் மேலும் தப்பில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

கேரளத்தில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் தற்காலிக நியமனங்கள் பொதுவாக 179 நாளில் முடியும். அந்த நாள் வரும்போது சர்வர் பாஸ்வேர்டு அவள் சொந்த மின்னஞ்சலில் இருக்கும், பேக்கப் அவள் பென் டிரைவில் இருக்கும், பதிவு போடும் முறை அவள் தலைக்குள் இருக்கும். அவளுக்கு வேறு வேலை கிடைத்துப் போனபிறகு சாயங்காலம் ஏழு மணிக்கு அவளை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். சம்பளம் இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் சேமிப்பு, வேலை உறுதி இல்லாத ஒருவரின் நல்ல குணத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அவர் நிரந்தரப் பணியாளராக இருந்து, பிரின்சிபல் கையெழுத்திட்ட உத்தரவும் இருந்து, கூடவே இன்னொருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார் என்றால் இந்த வழி நன்றாக வரும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

## வெளி நிறுவனத்துக்கு விடுவது

வேகத்துக்கு இதற்கு நிகரில்லை. நான்கு பேர் வந்து உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து அடித்துத் தள்ளிவிடுவார்கள். நாற்பதாயிரம் புத்தகம் கணினியில் ஏறாமல் கிடக்கிறது, நாக் தேதி நெருங்குகிறது என்றால் இதைத் தவிர்ப்பது கடினம்.

ஆனால் நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. கோவையிலிருந்து வருபவர்களுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. திருச்சூர், கொச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. யார் வந்தாலும் ஒரு மொழிப் பதிவுகளை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பார்கள், பொருள் புரிந்து அடிக்க மாட்டார்கள்.

தமிழில் இது எப்படி வெளிப்படும் என்று ஒரு உதாரணம். ‘பௌத்தம்’ என்பதில் வரும் ஔகாரத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. அதைத் தெரியாதவர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ எழுத்தை அடித்துவிடுவார்: ‘பெளத்தம்’. திரையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொற்கள். தமிழ்த் துறை மாணவர் சரியாக அடித்துத் தேடுவார், “முடிவு இல்லை” என்று வரும், புத்தகம் அலமாரியில் இருக்கும். மலையாளத்தில் சில்லெழுத்துகளில் (உயிர் சேராமல் தனி வடிவில் நிற்கும் மெய்யெழுத்துகள்) இதே கதை. 2008-ல் யூனிகோடு 5.1 வந்தபோது சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகள் கிடைத்தன. அதற்கு முன்பு வேறு விதமாகச் சேர்த்து எழுதினார்கள். பழைய பதிவும் புதிய பதிவும் கலந்தால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

அடுத்தது பெயர்கள். மேனன், நாயர் என்ற பின்னொட்டில் பதிவை வைப்பதா, ஆளின் சொந்தப் பெயரில் வைப்பதா? தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்தை முன்னால் விடுவதா, பின்னால் தள்ளுவதா? ஒரு விதி எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரே எழுத்தாளர் பட்டியலில் மூன்று ஆட்களாகிவிடுவார்.

இதைவிடக் கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் டேட்டா என்ட்ரி நடந்துகொண்டிருந்தது. அக்சஷன் ரெஜிஸ்டரின், அதாவது புத்தக வரவுப் பதிவேட்டின், ஒரு பக்கத்தை ஒரு பையன் மளமளவென்று ஏற்றிக்கொண்டிருந்தான். தூசி தட்ட வந்த அட்டெண்டர் அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, அது செவப்பு மையில அடிச்சிருக்கு பாரு. ரைட் ஆஃப் பண்ணினது. புஸ்தகமே இல்லையே, எதுக்கு ஏத்தற?” என்றார். ரைட் ஆஃப் என்றால் கணக்கிலிருந்து நீக்கியது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினால், சிவப்புக் கோடு போட்டவை எல்லாம் உயிரோடு இருக்கும் புத்தகங்களாக ஏறியிருந்தன. அக்காவே அடுத்த கேள்வியையும் கேட்டார்: “புக் பேங்க் ரெஜிஸ்டரும் ஒண்ணுல இருந்துதானே ஆரம்பிக்குது, நம்பர் இடிக்காதா?” இடிக்கும். பொதுப் பதிவேடு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான புக் பேங்க் பதிவேடு, துறை நூலகப் பதிவேடு என்று ஒவ்வொன்றும் 1-லிருந்து தொடங்கும். கோஹாவில் ஒரு பார்கோடு ஒரே ஒரு பிரதிக்குத்தான். முன்னெழுத்து சேர்த்துப் பிரித்தால்தான் சரியாகும். இதைத் திட்டம் போட்ட கூட்டத்தில் அக்கா இல்லை. கூப்பிடவில்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. வேலை முடிந்ததும் எல்லாப் பதிவுகளும் மார்க் கோப்பாகவும் முழுத் தரவுத்தளப் பிரதியாகவும் நூலகத்திடம் வர வேண்டும். கோஹாவுக்கு ஒவ்வொரு மே மாதமும் நவம்பர் மாதமும் புதிய பதிப்பு வரும். மேம்படுத்துவது யார், எத்தனை நாளுக்குள் என்று எழுத வேண்டும். பார்கோடு ஒட்டுவது, கண்ணில் படாத புத்தகங்களைக் குறிப்பது இதில் சேருமா என்று கேட்க வேண்டும். இவை இல்லாவிட்டால் வருடப் பராமரிப்புத் தொகையை நிறுத்திய அன்று உங்கள் பட்டியல் உங்கள் கைக்கு எட்டாது.

சர்வர் பராமரிப்பு, லேபிள் அச்சடிப்பு, தேங்கிக் கிடக்கும் ஆங்கிலப் புத்தகங்களின் பதிவு ஆகியவற்றை வெளியில் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தமிழ், மலையாளப் பதிவுகளையும் தவணை விதிகளையும் வெளியில் விடக்கூடாது.

## ஆளுக்கொரு பொறுப்பாகக் குழுவாகச் செய்வது

என் விருப்பம் இதுதான். ஆனாலும் குழு என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. கமிட்டி போட்டு மினிட்ஸ் எழுதி டீ குடித்துக் கலைவது குழு ஆகாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், மாற்று ஆளாக, இருக்க வேண்டும்.

நான்கு பேர் இருக்கும் நூலகத்தில் இப்படிப் பிரிக்கலாம். பழைய பதிவேடுகளைப் படித்து எது உயிரோடு இருக்கிறது, எது ரைட் ஆஃப், எந்த நம்பர் இடிக்கும் என்று சொல்வது மூத்த அட்டெண்டர். பதிவுகளின் விதி, பெயர் எழுதும் முறை, மொழிச் சரிபார்ப்பு ஆகியவை தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்தவர் கையில்; இரண்டும் தெரிந்தவர் எல்லையோரத்தில் தாராளமாகக் கிடைப்பார், அவர் பதவி என்ன என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். நிறுவுதல், பேக்கப், பயனர் அனுமதிகள் கணினி தெரிந்தவரிடம். நூலகருக்கு நான்கு வேலை: பணம் வாங்கித் தருவது, கொள்கை முடிவு எடுப்பது, பிரின்சிபலிடமும் துறைத் தலைவர்களிடமும் பேசுவது, தப்பு நடக்கும்போது வெளியாருக்கு முன்னால் தானே நின்று பதில் சொல்வது. நான்காவதைச் செய்யாத நூலகருக்குக் குழு கிடைக்காது.

வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கவுன்டர் மூடிய பிறகு, எல்லோரும், அட்டெண்டர் உட்பட. பேச்சு தமிழும் மலையாளமும் கலந்துதான் நடக்கும், நடக்கட்டும். ஆனால் எடுத்த முடிவை ஒரு நோட்டில், எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில், தேதி போட்டு எழுத வேண்டும். “பழைய நம்பருக்கு முன்னால் ‘பு’ சேர்ப்பது, புக் பேங்க் மட்டும்” என்று ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருபவருக்கு அந்த நோட்டைவிட நல்ல பயிற்சி கிடையாது. நல்ல கட்டு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள், வாட்ஸ்ஆப் குரூப்பை நம்பாதீர்கள்.

எதைப் பகிரக்கூடாது என்பதும் முக்கியம். மொத்தமாக அழிக்கும் அனுமதி, ஃபைன் தள்ளுபடி, தவணை விதி மாற்றம் மூன்றும் நூலகரிடமும் இன்னொருவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். கோஹாவில் எதையும் மாற்றவிடும் சூப்பர்லைப்ரேரியன் அனுமதியை எல்லோருக்கும் கொடுத்துவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம்பிக்கை என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். தப்பு நடந்தால் யார் மேல் சந்தேகம் என்று தெரியாமல் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பேக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எடுத்து வைத்தால் மட்டும் போதாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கணினியில் அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். அதை மாற்று ஆள் செய்ய வேண்டும், பொறுப்பாளர் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை தெரிந்துவிடும்.

இந்த வழியின் செலவு நேரம். இளையவர் ஆறு வாரத்தில் செய்ததைக் குழு ஒரு கல்வியாண்டு எடுத்துக்கொண்டு செய்யும். முதல் இரண்டு மாதம் எதுவும் கண்ணில் தெரியாது. பிரின்சிபல் கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொரு செலவு பெருமையைப் பங்கு வைப்பது. கணினி தெரிந்தவருக்கு “நான்தானே எல்லாம் பண்ணினேன்” என்ற எண்ணம் வரும், அதில் உண்மையும் இருக்கும். ஓப்பாக் திறப்பு விழாவில் நான்கு பெயரையும் அவரவர் செய்த வேலையோடு சொல்ல வேண்டும். நூலகர் பெயரை மட்டும் போட்டு நோட்டீஸ் அடித்தால் அடுத்த மாற்றத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

கடைசி முடிவு யாருடையது என்று சொல்லாமல் விட்டால் ஆளாளுக்கு நாட்டாமை ஆகிவிடும். நூலகர் எல்லோரையும் கேட்க வேண்டும், முடிவை அவரே சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

நூலகரும் பணியாளர்களும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கும் இடத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். நாக் வருகைக்கு மூன்று மாதம் மட்டுமே இருக்கும்போதும் வேண்டாம்.

## பக்கத்துக் கல்லூரிகளோடு கைகோப்பது

கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் பாதிதான் நடக்கும். பாலக்காட்டுக் கல்லூரிகள் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் கீழ், கோவைக் கல்லூரிகள் பாரதியாரின் கீழ். நிதி, விதி, தேர்வுக் காலம் எல்லாம் வேறு. ஒரே சர்வரை இரு மாநிலக் கல்லூரிகள் பணம் போட்டு நடத்துவது கோப்பிலேயே சிக்கிக்கொள்ளும்.

பணம் சம்பந்தப்படாததை மட்டும் சேர்ந்து செய்யுங்கள். மலையாளப் பதிவுகளைக் கேரளப் பக்கத்தவர் சரிபார்க்கட்டும், தமிழ்ப் பதிவுகளைத் தமிழ்நாட்டுப் பக்கத்தவர் சரிபார்க்கட்டும். எழுத்தாளர் பெயர்ப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் நல்ல பதிவை வைத்திருந்தால் அதை அப்படியே இறக்கிக்கொள்ள மென்பொருளிலேயே வழி இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | ஆள் போனால் | கவுன்டர் தனியாக நிற்குமா | தமிழ், மலையாளப் பதிவு | வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| நூலகரே | நின்றுவிடும் | சந்தேகம் | சீராக இருக்கும் | நடுத்தரம் | அவருடைய உடம்பும் ஞாயிற்றுக்கிழமையும் |
| இளையவர் | உடனே நின்றுவிடும் | இல்லை | ஆளைப் பொறுத்தது | அதிகம் | மனத்தாங்கல், பாஸ்வேர்டு, ஓயாத ஃபோன் |
| வெளி நிறுவனம் | பணம் உள்ளவரை ஓடும் | இல்லை | பலவீனம் | மிக அதிகம் | திருத்த வேலை, வருடப் பராமரிப்பு |
| குழு | தாங்கும் | ஆம் | நல்லது | குறைவு | நேரம், பொறுமை |
| பக்கத்துக் கல்லூரிகள் | துணை மட்டும் | பொருந்தாது | மிக நல்லது | குறைவு | அலுவலக நடைமுறை |

## உங்கள் நிலை எது

நூலகரும் அட்டெண்டரும் மட்டும் இருந்தால் நூலகர் நடத்தட்டும், ஆனால் பதிவேடு படிக்கும் வேலையை அட்டெண்டரிடம் கொடுத்துவிடுங்கள். பாதிக் குழு அங்கேயே கிடைத்துவிடும்.

மூன்று பேருக்கு மேல் இருந்து, கையில் ஒரு கல்வியாண்டும் இருந்தால் குழு. ஏப்ரல், மே விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்போடு சேர்த்துத் தொடங்குங்கள். எப்படியும் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுக்கத்தான் போகிறீர்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் விதி 215 இருபதாயிரம் வரை புத்தகம் உள்ள நூலகத்துக்கு வருடாவருடம் முழுச் சரிபார்ப்பு என்றும், ஐம்பதாயிரம் வரை உள்ளதற்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது என்றும் சொல்கிறது. ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஐந்து வரை தொலைவதை நியாயமான இழப்பாகவும் அது ஏற்கிறது. பழைய பதிவேட்டுக் கணக்கும் புதிய கணினிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பதறும் பணியாளர்களுக்கு இந்த வரியைக் காட்டுங்கள். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில்தான் பல மூத்தவர்கள் கணினிமயத்தையே எதிர்க்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைப் பேசித் தீர்ப்பது நூலகரின் வேலை.

தேதி நெருக்குகிறது என்றால் ஆங்கிலப் புத்தகங்களை வெளி நிறுவனத்துக்கும் தமிழ், மலையாளத்தைக் குழுவுக்கும் பிரித்துக் கொடுங்கள். நாக் அறிக்கையில் ‘பகுதி’ என்று உண்மையை எழுதுவதால் கல்லூரி ஒன்றும் மூழ்கிவிடாது.

நூலகர் இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார், அடுத்தவர் யாரென்று தெரியாது என்றால் மென்பொருளைத் தொடாதீர்கள். பதிவேடுகளைச் சுத்தம் செய்வது, பெயர் விதிகளை எழுதுவது இரண்டையும் முடித்து வையுங்கள். யார் வந்தாலும் பயன்படும்.

பட்டியல் மாற்றத்தோடு வேலை முடியப்போவதும் இல்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு. இதழ்கள் வாசலுக்கு வந்துவிட்டன. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வரும் முதல் தலைமுறை மாணவிக்கு அதைத் திறந்து காட்டப்போவது யார்? கேரளத்தில் 2024-ல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில் நான்காம் ஆண்டுக்கு ஆய்வும் உண்டு என்பதால் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். கவுன்டரில் இருக்கும் சேச்சி ஒரு ஆய்விதழைத் திரையில் திறந்து காட்டத் தெரிந்தவராக இருந்தால், நூலகர் அறையில் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பிரின்சிபலிடம் ஒரு பக்க உத்தரவு வாங்கிவிடுங்கள். யார் யார், என்னென்ன வேலை, மாற்று ஆள் யார், பழைய நோட்டில் எழுதுவது எந்தத் தேதியோடு நிற்கிறது, அந்த மாதங்களில் இவர்களுக்குத் தேர்வுப் பணியில் எவ்வளவு விலக்கு என்று அதில் இருக்கட்டும். பாஸ்வேர்டுகள் சீல் வைத்த உறையில் அலுவலக அலமாரியில் இருக்கும் என்ற வரியையும் சேருங்கள். தற்காலிகப் பணியாளர் யாராவது பட்டியலில் இருந்தால், பணி முடிந்த பிறகு கூப்பிட்டால் அதற்கு ஊதியம் உண்டு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.